சாவி வாங்கிய நிமிடத்திலிருந்து கணக்கு

கேள்வி:

மட்டாஞ்சேரியில் சிறிய அளவில் கிளீனிங் கான்ட்ராக்ட் நடத்துகிறேன். அப்பா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து செர்லாயில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என்னிடம் 14 பேர் வேலை பார்க்கிறார்கள். பத்துப் பேர் பெண்கள், உள்ளூர்க்காரர்கள். மற்ற நான்கு பேர் அஸ்ஸாம் பையன்கள். காலையில் தோப்பும்படியில் ஒரு கிளினிக், ஒரு வங்கிக் கிளை. முற்பகலில் ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டேக்கள். மதியத்துக்கு மேல் பஜார் ரோட்டில் கபேயாக மாறிய பழைய கிடங்கு, வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். மூன்று செட்டாகப் பிரிந்து மாறி மாறிப் போவார்கள். நாள் கூலி 700 ரூபாய்.

எல்லோருக்கும் ஒரே நோட்டில் 'காலை 8 – மாலை 5' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். போன மாதம் லேபர் ஆபீசர் வந்து நோட்டைப் புரட்டினார். "மாசம் 30 நாளும், 14 பேரும், சரியா எட்டு மணிக்கு வந்து சரியா அஞ்சு மணிக்குப் போனாங்களா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். 'பயணம் செய்து வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, பயப்படாதீர்கள்' என்கிறார் எனக்குக் கணக்கு எழுதுபவர். ஒருவர் ஜிபிஎஸ் ஆப் விற்க வந்தார். அதைப் பற்றிப் பேச்செடுத்ததும், எங்களில் மூத்தவரான ஓர் அக்கா, "இத்தனை வருஷம் கழிச்சு எங்க மேல நம்பிக்கை போயிடுச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

பஸ்ஸில் போகும் நேரம், கெஸ்ட் காலி செய்யும்வரை காத்திருக்கும் நேரம், இதெல்லாம் வேலை நேரத்தில் சேருமா? எதை, எப்படி எழுத வேண்டும்?

— ஒரு வாசகர், மட்டாஞ்சேரி

பதில்:

முதலில் அந்த நோட்டு. அதை இன்றோடு மூடி பத்திரமாக உள்ளே வையுங்கள். கிழிக்க வேண்டாம், திருத்த வேண்டாம். நோட்டீஸ் வந்த பிறகு பழைய தேதி போட்டுப் புதுப் பதிவேடு எழுதித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இப்போது உங்கள் மேல் இருப்பது கணக்குச் சரியில்லை என்ற குறை. பொய்ப் பதிவேடு எழுதினால் அது வேறு வகைக் குற்றமாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'மாசம் 30 நாளும்' என்று ஆபீசர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாராந்திர விடுமுறையே இல்லை என்று உங்கள் நோட்டு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. உண்மையில் உங்கள் ஆட்கள் முறை வைத்து லீவு எடுத்திருப்பார்கள், கூலியும் வந்த நாளுக்கு மட்டுமே போயிருக்கும். ஆனால் அது எங்கேயும் எழுத்தில் இல்லை. கேரளத்தின் 1960-ம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கொடுத்தாக வேண்டும். ஹோம்ஸ்டேக்கு ஞாயிறும் வேலை நாள்தான் என்பதால் ஆளுக்கு ஒரு கிழமை என்று பிரித்துக்கொள்ளலாம். யாருக்கு எந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, பயண விலக்கு. இது உங்களைப் போன்ற பலரைக் குழியில் தள்ளும் பேச்சு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைகள் சட்டங்களில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. தமிழ்நாட்டின் 1947-ம் ஆண்டுச் சட்டத்தில், பயணத்தை உள்ளடக்கிய வேலை செய்பவர்களுக்கும் ஆர்டர் பிடிப்பவர்களுக்கும் காவல் பார்ப்பவர்களுக்கும் விலக்கு என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரிசையைப் பார்த்தாலே யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது விளங்கும். ஊர் ஊராகப் போய்ச் சரக்குக்கு ஆர்டர் எடுத்த விற்பனைப் பிரதிநிதிக்கு அலைச்சல்தான் வேலை. எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே தங்கினார் என்று முதலாளியாலும் சொல்ல முடியாத காலம் அது. உங்கள் அக்காவுக்கு வேலை தரை துடைப்பது. கிளினிக்கிலிருந்து ஹோம்ஸ்டேக்கு அவர் பஸ்ஸில் போவது அடுத்த தரையைத் துடைக்க. அவர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று முந்தின நாள் இரவே வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புபவர் நீங்கள்தான். அப்படியிருக்க, அவர் நேரம் என் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஆபீசர் முன்னால் நின்று சொல்ல முடியுமா? ஒரு பேச்சுக்கு அந்த விலக்கு பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும், குறைந்தபட்சக் கூலியும் மிகைநேரக் கூலியும் வேறு சட்டத்தின் வழியாக வந்து சேரும். 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு மிகைநேரத்துக்கு இரு மடங்குக்குக் குறையாமல் கொடுக்கச் சொல்கிறது. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

புதிய தொகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கேரள அரசு அவற்றைக் கடுமையாக எதிர்த்தது. இந்த இழுபறியில் 'எந்தச் சட்டமும் இப்போது இல்லை' என்று சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது தவறு. அந்தத் தொகுப்புகளுக்குள் போனவை 29 மத்தியச் சட்டங்கள். மாநிலத்தின் கடைகள் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை, அது அப்படியே இருக்கிறது. உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நான்கு மணி நேரத் தொடர் வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இவற்றோடு உங்கள் தொழிலுக்கே வைத்தது போன்ற ஒரு விதியும் உண்டு: வேலையும் ஓய்வும் இடைவெளியும் எல்லாம் சேர்த்து, காலையில் தொடங்கியதிலிருந்து கடைசியாக முடிப்பது வரை பத்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். கிளீனிங் கான்ட்ராக்ட்காரர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி விதியில்தான். கிளினிக்குக்கு விடியற்காலையில் ஆள் வேண்டும், ஹோம்ஸ்டேக்கு 11 மணிக்கு வேண்டும், கபேக்குச் சாயங்காலம் வேண்டும். ஒரே ஆளை மூன்றுக்கும் அனுப்பினால், நடுவில் எவ்வளவு ஓய்வு கொடுத்தாலும் நாள் இழுத்துக்கொண்டே போகும்.

எந்த நேரம் வேலை நேரம் என்ற கேள்விக்கு வருவோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930-ல் வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுவந்த உடன்படிக்கை இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. முதலாளி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆள் எவ்வளவு நேரம் இருக்கிறாரோ அது வேலை நேரம். அப்படிக் கட்டுப்படாமல் இருக்கும் ஓய்வு அதில் சேராது. கை ஓடுகிறதா என்பது அங்கே பேச்சே இல்லை. அந்த நேரத்தில் அவர் தன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போகலாமா, மீன் வாங்கப் போகலாமா? போகலாம் என்றால் அது அவர் நேரம். போகக் கூடாது என்றால் அது உங்கள் நேரம்.

இதை வைத்து உங்கள் ஆள் ஒருவரின் ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். நேரங்களையும் சாவி வாங்கும் இடம் போன்ற விவரங்களையும் உங்கள் கடிதத்தை வைத்து நானே ஊகித்திருக்கிறேன். உண்மையான நேரத்தைப் போட்டு நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலை 6.30-க்குக் கப்பலண்டிமுக்கில் உங்களிடம் கிளினிக் சாவியையும் பினாயில் கேனையும் வாங்குகிறார். 6.50 முதல் 8.50 வரை தோப்பும்படியில் கிளினிக் வேலை. 9.15-க்குத் திரும்பி வந்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, 10.30-க்கு ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே வாசலில் நிற்கிறார். அறைக்காரர்கள் பெட்டி கட்டி முடிக்கும்போது 11.15. முக்கால் மணி நேரம் திண்ணையில் காத்திருப்பு. 11.15 முதல் 1.45 வரை அறைகள், கழிப்பறைகள், படிக்கட்டு. 1.45-க்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். 'தோபிகானாவிலிருந்து பெட்ஷீட் வரும், எண்ணி வாங்கி வை' என்று உங்கள் சூப்பர்வைசர் சொல்லியிருப்பதால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. 2.30-க்குக் கிளம்பி, 2.50 முதல் 5 மணி வரை பஜார் ரோடு கபே. 5.15-க்குச் சாவி உங்கள் கைக்கு வருகிறது.

தரையில் மாப் பட்ட நேரத்தை மட்டும் கூட்டினால் 6 மணி 40 நிமிடம். உங்கள் நோட்டு, சாப்பாட்டு நேரம் கழித்து, 8 மணி நேரம் என்கிறது. உண்மையில் அவர் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்த நேரம், காலையில் 2 மணி 45 நிமிடம், 10.30-க்கு மேல் 6 மணி 45 நிமிடம், ஆக ஒன்பதரை மணி நேரம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே அவருடையது. மதியச் சாப்பாட்டு நேரம் பெட்ஷீட்டுக்குக் காவலாகப் போய்விட்டதால் ஓய்வு ஆகாது. எனவே ஒன்றரை மணி நேரம் மிகைநேரம். 700 ரூபாயை எட்டால் வகுத்தால் மணிக்கு 87.50, இரு மடங்கு 175. அந்த ஒரு நாளைக்கு மட்டும் 262 ரூபாய் 50 காசு அவருக்கு வர வேண்டியது. 10.30-லிருந்து 5.15 வரை ஓய்வே இல்லாமல் ஓடியதால் நான்கு மணி நேர விதியும் மீறப்பட்டது. 6.30-லிருந்து 5.15 வரை பத்தேமுக்கால் மணி நேரம். பத்தரை மணி நேர விதியும் கால் மணி நேரத்தில் மீறப்பட்டது.

நீங்கள் கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. எழுதாததால் உங்களுக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் உடம்புக்கு ஒவ்வொரு நிமிடமும் தெரிந்திருக்கும்.

இதைச் சரிசெய்வது அவ்வளவு கடினமில்லை. காலையில் கிளினிக்குக்குப் போன செட்டைக் கபேக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் நாள் ஹோம்ஸ்டேயோடு முடியட்டும். கபேக்குப் போகும் செட் 10.30-க்குத் தொடங்கட்டும். மதியம் ஒரு முழு மணி நேரம் சாவியும் இல்லாமல் காவலும் இல்லாமல் விடுங்கள். பெட்ஷீட்டை ஹோம்ஸ்டேக்காரர் வாங்கி வைக்கட்டும், அல்லது அதற்கும் சேர்த்து உங்களுக்குப் பணம் தரட்டும். பினாலே கலைக் கண்காட்சி நடக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் ஆள் பற்றாது என்பது தெரியும். அந்தச் சீசனுக்குத் தற்காலிகமாக இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பது, இருப்பவர்களைப் பிழிவதைவிடக் கணக்கிலும் மலிவாகத்தான் வரும். ஒரு மணி நேர மிகைநேரத்துக்கு நீங்கள் கொடுப்பது இரண்டு மணி நேரக் கூலி என்பதை மறக்க வேண்டாம். இரவு வேலை எடுத்தால், 9 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்கத் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. தனியாக ஒரு பெண்ணை இரவில் ஒரு கட்டிடத்துக்கு அனுப்பவே கூடாது.

காத்திருப்பின் செலவை உங்கள் தலையிலோ தொழிலாளி தலையிலோ மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஹோம்ஸ்டே ஒப்பந்தத்தில் அறைக்கு இவ்வளவு என்று போடும்போதே, குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேருங்கள். லேட் செக்-அவுட்டுக்கு அவர் கெஸ்ட்டிடம் பணம் வாங்குகிறார். அதில் ஒரு பங்கு திண்ணையில் காத்திருந்தவருக்குச் சேர வேண்டியது நியாயம்தானே? அந்தத் திண்ணையில் உட்கார இடம் உண்டா என்பதையும் பாருங்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கொடுமையை எதிர்த்துக் கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்ணின் தலைமையில் நடந்த போராட்டத்தின் பலனாகத்தான் 2018-ல் கேரளத்தின் இந்தக் கடைகள் சட்டத்திலேயே உட்காரும் உரிமை எழுதப்பட்டது. தமிழ்நாடும் 2021-ல் அதே வழியில் சட்டம் திருத்தியது.

பயணத்தைப் பற்றி வெளிநாட்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும் வாதம் தெளிவாக இருக்கிறது. ஸ்பெயினில் டைக்கோ என்ற நிறுவனம் திருட்டு அலாரம் பொருத்துபவர்களுக்கான வட்டார அலுவலகங்களை 2011-ல் மூடிவிட்டு, வீட்டிலிருந்தே நேராக வாடிக்கையாளரிடம் போகச் சொன்னது. வீட்டிலிருந்து முதல் இடத்துக்கும், கடைசி இடத்திலிருந்து வீட்டுக்கும் போகும் நேரம் ஓய்வுக் கணக்கில் போனது. நிலையான பணியிடம் இல்லாதவர்களுக்கு அந்தப் பயணமும் வேலை நேரமே என்று 2015 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் அதே நீதிமன்றம், தினசரி வேலை நேரத்தை அளக்க நம்பகமான ஏற்பாடு ஒன்றை முதலாளிகள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டிலிருந்து கப்பலண்டிமுக்கு வருவது அவர்கள் பாடு. சாவி கைமாறிய நிமிடத்திலிருந்து, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழி உட்பட, கடைசிச் சாவி திரும்பும்வரை உங்கள் பாடு. நாளைக்கு அவரை நேரே வெலிங்டன் தீவுக்கு வரச் சொல்லிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கு என்று சொன்னால் அது நியாயமில்லை. கப்பலண்டிமுக்கிலிருந்து ஆகும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டோ வாட்டர் மெட்ரோ டிக்கெட்டோ, அதற்கான காசும் உங்களுடையது.

சாலை நேரத்தை எழுதுவதில் அவர்களுக்கு இன்னொரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. 14 பேர் என்றால் நீங்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் கீழ் வருகிறீர்கள். பத்துப் பேரிலிருந்தே அது தொடங்கிவிடும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. 2010 திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் வேலை விபத்தாகக் கருத இ.எஸ்.ஐ. சட்டத்தில் இடம் வந்துவிட்டது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கான பழைய இழப்பீட்டுச் சட்டத்திலும் அப்படியே பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மழையில் படகுத்துறைப் படியில் ஓர் அக்கா வழுக்கி விழுந்து கை ஒடிந்தால், 'அவர் அப்போது எங்கே போய்க்கொண்டிருந்தார்?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். 8 – 5 நோட்டில் அதற்குப் பதில் இல்லை. 2.30-க்கு ஹோம்ஸ்டே, 2.50-க்குக் கபே என்று எழுதிய அட்டையில் பதில் இருக்கும். நீங்கள் இன்னும் இ.எஸ்.ஐ. பதிவு செய்யவில்லை என்றால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அஸ்ஸாம் பையன்களை, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான மாநில அரசின் அதிதி போர்ட்டலிலும் பதிவு செய்துவிடுங்கள்.

இப்போது எழுதும் முறை. ஆளுக்கு ஓர் அட்டை, மாதத்துக்கு ஒன்று, அவர் கையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை: சாவி வாங்கிய நேரம், ஒவ்வோர் இடத்துக்கும் போன நேரம், விட்ட நேரம், ஓய்வு தொடங்கியது, முடிந்தது, சாவி கொடுத்த நேரம். அதே விவரம் சூப்பர்வைசர் நோட்டிலும் ஏற வேண்டும். அன்றன்றைக்கே இரண்டையும் ஒத்துப் பார்த்து இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், ஒயிட்னர் வேண்டாம். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் இருந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் 'வந்தாச்சு', 'கிளம்பியாச்சு' என்று ஒரு குரல் செய்தி போதும். தமிழ், மலையாளம், அஸ்ஸாமி எந்த மொழியானாலும் நேரம் தானாகப் பதிவாகும். ஆனால் அது துணை ஆதாரம்தான். அன்று இரவே அட்டையில் ஏறிவிட வேண்டும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் மொத்த மணி, மிகைநேர மணி இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

கொஞ்சம் நவீனமாகச் செய்ய ஆசையென்றால் உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. வீடு வீடாகப் பிளாஸ்டிக் வாங்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள், வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஹரிதமித்ரம் செயலியில் ஸ்கேன் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல ஒவ்வொரு வாடிக்கையாளர் இடத்திலும் ஒரு கோடு ஒட்டி, செட்டுக்கு ஒரு போன் உங்கள் செலவில் கொடுத்து, போகும்போதும் வரும்போதும் ஸ்கேன் செய்யச் சொல்லலாம். இடத்துக்குத்தான் அடையாளம் வைக்கிறோம், ஆளை யாரும் பின்தொடர்வதில்லை. எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதான். கைரேகைக் கருவியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ப்ளீச்சிங் பவுடரிலும் ஆசிடிலும் வருஷக்கணக்கில் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவி ஏற்காத நாளெல்லாம் அவர்கள் வராத நாளாகிவிடும்.

ஜிபிஎஸ் விஷயத்தில் அந்த அக்கா கேட்டது சரியான கேள்வி. சண்டிகரில் துப்புரவுப் பணியாளர்களின் மணிக்கட்டில் நகராட்சி ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டியபோது, 2020-ல் அவர்கள் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். ஒரு பெண் எந்த நிமிடம் எந்தத் தெருவில் இருக்கிறாள், கழிப்பறைக்கு எவ்வளவு நேரம் போனாள் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதை எந்த வேலை நேரச் சட்டமும் கேட்கவில்லை. சட்டம் கேட்பது தொடக்கம், முடிவு, ஓய்வு, மொத்தம். அதற்கு மேல் திரட்டுவது உங்களுக்குப் பாரம், அவர்களுக்கு அவமானம். பஜார் ரோட்டின் தடித்த சுவர்க் கிடங்குகளுக்குள்ளும் குறுகிய சந்துகளிலும் ஜிபிஎஸ் புள்ளி அங்குமிங்கும் தாவும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவரை ஆப் வெளியே போய்விட்டதாகக் காட்டும். அப்போது யாரை நம்புவீர்கள்?

அட்டை அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு உங்கள் ஊரின் சரித்திரமே காரணம். கொச்சித் துறைமுகத்தில் சாப்பா முறை இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்குக் கூடி நிற்கும் கூட்டத்தின் மேல் உலோக வில்லைகளை வீசுவார்கள். அடித்துப் பிடித்து யார் கைப்பற்றுகிறாரோ அவருக்கு அன்று வேலை. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' படம் 2023-ல் வந்தபோது பலருக்கு இது நினைவுக்கு வந்தது. நாளைக்கும் வேலை உண்டு, இன்று செய்த வேலைக்குக் கணக்கு உண்டு என்ற உறுதி அந்த வில்லையில் இல்லை. அந்த உறுதியைக் கேட்டுத்தான் மட்டாஞ்சேரியில் உயிர் போயிற்று. அதே ஊரில் கிடங்கைக் கழுவும் பெண்ணுக்குத் தன் மணிக்கணக்கு தன் பையிலேயே இருக்க வேண்டும். உங்களிடம் கேட்டுப் பார்க்கும் நிலை இருக்கக் கூடாது.

ஆகவே அக்காவிடம் ஆப்பைப் பற்றிப் பேசாமல், அவருடைய ஒரு நாளைப் பக்கத்தில் உட்கார்ந்து அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். விட்டுப்போன மணி நேரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை என்னைவிட அவர் நன்றாகக் காட்டுவார். 14 பேரில் இருவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த இருவரும் சூப்பர்வைசரும் அட்டைகளைச் சரிபார்க்கட்டும்.

கடைசியாக நோட்டீஸ். குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பழைய நோட்டு உண்மையான நேரத்தைக் காட்டவில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். புதிய அட்டையின் மாதிரி, ஒரு வாரமாவது எழுதிய அட்டைகள், வார விடுமுறைப் பட்டியல், வங்கி வழியாகச் சம்பளம் போட்டதற்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். உங்கள் 700 ரூபாய், உங்கள் பிரிவுக்கு அரசு அறிவித்த அடிப்படைக் கூலியும் மாதாமாதம் மாறும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகைக்குக் குறையவில்லையா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிறகு, வாடிக்கையாளர் பட்டியல், வாட்ஸ்அப் செய்திகள், உங்கள் ஆட்களின் நினைவு எல்லாவற்றையும் வைத்து விட்டுப்போன மிகைநேரத்துக்கு ஒரு மதிப்பீடு போடுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின் கீழ் மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை எழுப்ப வழி இருக்கிறது. எனவே எப்படியும் ஒரு நாள் வரக்கூடிய கடன் இது. ஒரே மூச்சில் கொடுக்க முடியாவிட்டால், எத்தனை தவணை, எந்தத் தேதி என்று 14 பேரோடும் பேசி எழுதிக் கையெழுத்து வாங்கி, அதன் ஒரு பிரதியையும் ஆபீசரிடம் கொடுங்கள். முதல் தவணையை அவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அவர்கள் கணக்கில் போட்டுவிடுங்கள்.